அச்சமும் ஆண்மையும்

"ஆண்பிள்ளை அழலாமா?" என்ற கேள்வியைக் கேளாது வளர்ந்த ஆண்மகன் நம்மிடையே ஒருவரும் இரார். விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்ட மூன்று வயதுக் குழந்தையிடத்தே தொடங்கும் இக்கேள்வி, தந்தையின் சிதைக்குத் தீ மூட்டி நிற்கும் இளைஞன் வரையில் தொடர்ந்து செல்கின்றது. பார்வைக்கு அது கேள்விபோலத் தோன்றினும் உண்மையில் அது கேள்வியன்று, கட்டளை. துயரம் வந்தாலும் அச்சம் வந்தாலும் அதனை வெளியே காட்டாதே என்னும் கட்டளை.

ஆசிரியத் தொழிலில் நான் காலடி வைத்த புதிதில், இக்கட்டளையை நானே ஒரு மாணவனுக்கு இட்டேன். செல்லடியில் தந்தையைப் பறிகொடுத்த அச்சிறுவன், அந்தியேட்டி முடிந்து பாடசாலைக்கு வந்த முதல் நாள், வகுப்பின் நடுவே அழத் தொடங்கினான். நான் அவன் தோளைத் தட்டி, "நீ ஆண்பிள்ளை, இனி வீட்டுக்கு நீதான் தூண், அழக்கூடாது" என்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அதன்பின் அவ்வாண்டு முடியும்வரை அவன் வகுப்பிலே வாய்திறந்து ஒரு சொல்லேனும் பேசவில்லை. அதனை அவனுடைய மனத்திடம் என்று நான் அன்று மெச்சிக்கொண்டேன். அது மனத்திடம் அன்று என்பதை எனக்கு உணர்த்தியது, பல ஆண்டுகளின் பின் நான் வாசித்த ஒரு போரின் வரலாறு. அந்த வரலாற்றையே இன்று உங்களுக்கு எடுத்துக்கூற விழைகின்றேன்.

ஆண்மை என்பதையும் வீரம் என்பதையும் ஒன்றாகப் பிணைத்து வைத்திருக்கும் நிறுவனங்களுள் தலையாயது இராணுவம். படையிற் சேர்ந்த இளைஞனை 'ஆண்மகனாக்கி அனுப்புகிறோம்' என்று கூறாத நாடு அரிது. இப்பிணைப்பு எத்தகைய விளைவுகளைத் தந்தது என்பதை ஆராய்வதற்கு, 1914 முதல் 1918 வரை நிகழ்ந்த முதலாம் உலகப் போரிற் பிரித்தானியப் படை கண்ட அனுபவத்தினும் தெளிவான சான்று வேறில்லை எனலாம்.

போர் தொடங்கியபோது பிரித்தானியாவிலே கட்டாய இராணுவ சேவை இருக்கவில்லை. ஏனைய ஐரோப்பிய வல்லரசுகள் இலட்சக்கணக்கானோரைச் சட்டத்தின் துணைகொண்டு அழைத்தன. பிரித்தானியாவோ தொண்டர்களை நம்பி நின்றது. சட்டம் செய்யாத வேலையை அங்கே நாணம் செய்தது. 1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாத இறுதியில், சார்ள்ஸ் பென்ரோஸ் பிற்ஸ்ஜெரல்ட் என்னும் ஓய்வுபெற்ற கடற்படைத் தளபதி ஒருவர், போக்ஸ்டன் என்னும் கரையோர நகரிலே 30 பெண்களைத் திரட்டினார். படைச் சீருடை அணியாத இளைஞரைத் தெருவிற் காணுந்தோறும் அவர்களிடம் ஒரு வெள்ளை இறகைக் கொடுக்குமாறு அப்பெண்களை ஏவினார்.

இறகுக்கும் போருக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வினவலாம். சேவற் சண்டையிலே, வாலில் வெள்ளை இறகுள்ள சேவல் கலப்பினம். அது களத்தில் நின்று போராடாது என்பது ஆங்கிலேயரிடையே நிலவிய நம்பிக்கை. ஆகவே வெள்ளை இறகைக் கொடுப்பது, 'நீ கோழை. நீ ஆண்மகன் அல்லை' என்று ஊரறியச் சொல்வதாகும். இவ்வழக்கம் நாடெங்கும் விரைவிற் பரவிற்று. விடுமுறையிலே சாதாரண உடையில் வீடு வந்த போர்வீரரும், காயமுற்றுப் படையினின்றும் விலக்கப்பட்டோரும் இந்த இறகைப் பெற்று மனம் புண்பட்டனர். உடற்குறையாற் படையை விட்டு நீங்கியோர் தம் உடையிற் குத்திக்கொள்ளத்தக்க வெள்ளிச் சின்னமொன்றை 1916 இல் அரசாங்கமே வழங்க நேர்ந்தது. 'நான் கோழையல்லேன்' என்பதற்கு ஓர் ஆண்மகன் மார்பிலே அத்தாட்சி அணிந்து நடமாடவேண்டிய நிலை அது.

இதனைக் கேட்டு, ஆங்கிலேயரின் வழக்கம் விசித்திரமானது என்று நாம் நகைத்துவிட முடியாது. புறநானூற்றிலே காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடிய முதிய தாயை நாம் அறிவோம். மகன் போரிற் புறங்காட்டினான் என்று சிலர் கூறக்கேட்ட அவள், அவ்வாறாயின் அவனுக்குப் பாலூட்டிய மார்பை அறுத்தெறிவேன் என்று வஞ்சினம் கூறி, வாளுடன் களம் புகுந்தாள். அங்கே சிதைந்து கிடந்த மகனின் உடலைக் கண்டு, அவனைப் பெற்ற நாளினும் பெரிதும் மகிழ்ந்தாள். இப்பாட்டை நான் ஆண்டுதோறும் மாணவருக்குக் கற்பித்து வந்துள்ளேன். போரில் ஆணின் மதிப்பை அளக்கும் கோலைப் பெண்ணின் கையிலே கொடுப்பது மிகப் பழைய உத்தி. போக்ஸ்டன் நகரின் தளபதி அவ்வுத்தியைப் புதிதாகக் கண்டுபிடித்தவர் அல்லர்.

இனி, அந்த இளைஞர் எத்தகைய களத்துக்குச் சென்றனர் என்று பார்ப்போம். குதிரைமீதேறி வாள் சுழற்றிச் செல்லும் போர் என்றுதான் அவர்கள் எண்ணியிருந்தனர். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் அவர்களை எதிர்கொண்டதோ பதுங்குகுழி. நீரும் சேறும் நிறைந்த அகழிகளுள் வாரக்கணக்கில் அவர்கள் குந்தியிருக்க, பல மைல்களுக்கு அப்பாலிருந்து வரும் செல்கள் தலைக்குமேல் வெடித்தன. 'செல்' என்ற சொல்லுக்கு வடக்கிலும் கிழக்கிலும் உள்ள நேயர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. அதன் ஓசையைக் கேட்டுத் தூரத்தைக் கணிக்கப் பழகிய செவிகள் நம்மிடையே இன்றும் பல உள. அந்த ஓசையின்கீழ் ஒருவன் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே. 1916 ஜூலை 1 ஆம் நாள், சோம் நதிப் பிரதேசத்திலே தொடங்கிய தாக்குதலின் முதல் நாளில் மாத்திரம் பிரித்தானியப் படையில் 57,470 பேர் காயமுற்றோ, காணாமற் போயோ, மாண்டோ வீழ்ந்தனர். அவர்களுள் இறந்தோர் 19,240 பேர்.

இவ்வாறான களத்திலிருந்து, உடலிலே ஒரு கீறலுமின்றி, ஆயினும் நடக்கமாட்டாதவராய், பேசமாட்டாதவராய்ப் பலர் வைத்தியசாலைகளுக்கு வரத் தொடங்கினர். சிலருக்குக் கண்பார்வை இல்லை. கண்ணிலே பழுதும் இல்லை. சிலருடைய கைகள் ஓயாது நடுங்கின. சிலர் தம் பெயரையும் மறந்தனர். பலர் ஒவ்வோர் இரவும் அலறி விழித்தனர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் சார்ள்ஸ் மையர்ஸ் என்பவர் இத்தகைய மூவரை ஆராய்ந்து, 1915 பெப்ரவரியிலே 'லான்செற்' என்னும் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார். அந்நோய்க்குச் 'செல் அதிர்ச்சி' என்ற பெயர் அக்கட்டுரை வாயிலாக மருத்துவ உலகில் நிலைபெற்றது. போர் முடியுமுன் பிரித்தானியப் படையில் ஏறத்தாழ 80,000 பேர் இந்நோயாளராகக் கணக்கிடப்பட்டனர்.

முதலில், செல் வெடிக்கும்போது எழும் காற்றழுத்தம் மூளையைத் தாக்குவதால் இது விளைகின்றது என்று பலர் கருதினர். ஆயின் செல் வெடித்த இடத்துக்கு அண்மையிற் செல்லாதவர்க்கும் இந்நோய் கண்டது. எனவே காரணம் உடலன்று, உள்ளம் என்பது தெளிவாயிற்று. தெளிவானவுடன் இராணுவத்துக்கு ஒரு சங்கடம் தோன்றியது. உடற்காயமாயின் அது பெருமைக்குரியது. உள்ளம் நொந்ததாயின் அது கோழைத்தனம் அன்றோ? இச்சங்கடத்தைத் தீர்க்க இராணுவம் நோயாளரை இருவகைப்படுத்தியது. பகைவரின் செல் அருகே வெடித்தமையால் நோயுற்றார் என்று சான்று பெற்றவர் 'காயமுற்றோர்'. அவருக்குக் காயப்பட்டியும் ஓய்வூதிய உரிமையும் உண்டு. ஏனையோர் வெறும் 'நோயாளர்'. அவருக்கு அவை இல்லை. 1917 இல் செல் அதிர்ச்சி என்ற சொல்லையே முன்னரங்குகளில் எழுதலாகாது என்று தடுத்து, 'இன்னும் துணியப்படாத நரம்புநோய்' என எழுதுமாறு பணித்தனர். பெயரை மறைத்தால் நோயும் மறைந்துவிடும் என்பது அவர்தம் நம்பிக்கை போலும்.

நோய்க்கு இட்ட பெயர்களிலே இன்னுமொரு வேற்றுமை உண்டு. ஒரே நோய், அதிகாரி ஒருவருக்கு வந்தால் அதற்கு 'நரம்புத் தளர்ச்சி' என்று பெயர். சாதாரணச் சிப்பாய்க்கு வந்தால் 'ஹிஸ்டீரியா' என்று பெயர். ஹிஸ்டீரியா என்னும் சொல், கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. கருப்பையின் கோளாற்றால் வருவது, ஆதலின் பெண்களுக்கே உரியது என்று நூற்றாண்டுகளாக மருத்துவர் கருதிவந்த நோய் அது. பதுங்குகுழியிலே வாய் அடைபட்டுப்போன சிப்பாய்க்கு வைத்தியர் இட்ட பெயரே, 'நீ ஆண் என்னும் நிலையினின்றும் வழுவினாய்' என்று அவனிடம் கூறிற்று. தெருவிலே கொடுத்த வெள்ளை இறகும் வைத்தியசாலையில் எழுதிய இந்நோய்ப் பெயரும் சொல்லியது ஒரே செய்தியைத்தான்.

இந்நோயைத் தீர்க்க முயன்றோருள் இருவரை ஒப்புநோக்குதல் நமக்குப் பயன்தரும். இலண்டனிலே குவீன் சதுக்கத்து வைத்தியசாலையிற் பணியாற்றிய லூயிஸ் யெலாண்ட் என்பவர் ஒருவர். ஒன்பது மாதங்களாகப் பேச்சிழந்திருந்த 24 வயதுச் சிப்பாய் ஒருவனை இருட்டறையொன்றிற் பூட்டிவைத்து, அவன் தொண்டையிலே மின்சாரத்தைச் செலுத்தி, பேசும்வரையில் அவ்வறையை விட்டு வெளியேற முடியாது என்று அவர் கூறினார். அவனிடம் தாம் எதிர்பார்ப்பது வீரனுக்குரிய நடத்தை என்பதையும் இடையிடையே நினைவூட்டினார். நான்கு மணி நேரத்தின் பின் அச்சிப்பாய் பேசினான். இதனை 1918 இல் வெளியிட்ட தம் நூலில், வெற்றி பெற்ற சிகிச்சையாக யெலாண்ட் தாமே விவரித்துள்ளார்.

மற்றவர் டாக்டர் றிவர்ஸ். இவருடைய பெயர் நம்மவர்க்கு முற்றிலும் புதிதன்று. நீலகிரியிலே வாழும் தோடர் குலத்தவரிடையே தங்கி ஆராய்ந்து, 1906 இல் அவர்களைப் பற்றி ஒரு பெருநூல் வெளியிட்டவர் இவரே. போர்க்காலத்தில் இவர் ஸ்கொட்லாந்திலே எடின்பரோ நகருக்கு அண்மையில் அமைந்த கிறெய்க்லொக்ஹார்ட் என்னும் அதிகாரிகளுக்கான வைத்தியசாலையிற் பணிபுரிந்தார். அங்கு வந்தோர் அனைவரும், கண்டதை மறந்துவிடு, நினையாதே, ஆண்மகனாக இரு என்ற அறிவுரையைப் பலரிடமும் பெற்றே வந்திருந்தனர். பகலெல்லாம் நினைவை அடக்கிவைத்த அவர்களுக்கு, இரவிலே அந்நினைவு பன்மடங்காகப் பெருகிக் கனவாய் வந்தது. நோயை வளர்ப்பது போரின் நினைவு மாத்திரமன்று, அந்நினைவை அடக்க முயலும் முயற்சியுமே என்று றிவர்ஸ் கண்டார். ஆதலின் அவர் நோயாளரைப் பேசவிட்டார். கண்டதைச் சொல்லவும், அஞ்சியதை அஞ்சினேன் என்று கூறவும், இறந்த தோழனுக்காக அழவும் அவர்களுக்கு இடங்கொடுத்தார். 1917 டிசம்பரில் வேத்தியல் மருத்துவச் சங்கத்திலே இக்கருத்தை அவர் வெளியிட்டார்.

றிவர்ஸ் கண்ட இன்னோர் உண்மையும் இங்கே கூறத்தக்கது. போரிலே விமானம் ஓட்டுவோரைக் காட்டிலும், கயிற்றாற் கட்டப்பட்ட பலூனில் அமர்ந்து பகைவரை நோட்டமிடுவோர் இந்நோயால் அதிகம் வருந்தினர். விமானிக்கு ஆபத்து குறைந்ததன்று. ஆயினும் தன் விமானத்தைத் திருப்பவும் தாக்கவும் தப்பவும் அவனால் முடியும். பலூனில் இருப்பவனால் ஒன்றும் செய்ய முடியாது. மனிதனை உடைப்பது ஆபத்தைவிடக் கையறு நிலையே என்பது இதனாற் புலப்படும். செயலாற்றுபவனே ஆண் என்று சொல்லி அழைத்துச் சென்ற போர், ஆணைச் செயலற்றவனாகக் குழியிலே இருத்திற்று. பின்னர் அவன் நடுங்கியபோது, நீ ஆணல்லை என்று பழித்தது.

கிறெய்க்லொக்ஹார்ட்டிலே ஒதுங்கியவர் கோழைகள்தாமா? சீக்பிரிட் சசூன், வில்பிரெட் ஓவென் என்னும் கவிஞர் இருவரும் 1917 இல் அங்கே இருந்தனர். சசூன், வீரத்துக்காக மிலிட்டரி குறொஸ் என்னும் பதக்கம் பெற்றவர். போர் வீணே நீட்டிக்கப்படுகிறது என்று பகிரங்கமாக அறிக்கையிட்டமையால் அங்கு அனுப்பப்பட்டவர். இருவரும் பின்னர் களத்துக்கு மீண்டனர். ஓவென் அதே பதக்கத்துக்கு உரியவராகி, போர் ஓய்வதற்கு ஒரு வாரத்துக்கு முன், 1918 நவம்பர் 4 ஆம் நாள் களத்தில் மாண்டார். அஞ்சுபவனும் வீரனும் இருவேறு மனிதர் அல்லர். ஒரே மனிதனுள் இருவரும் குடியிருக்கலாம். றிவர்ஸின் பணியிலும் ஒரு முரண் இருந்தது. அவர் குணப்படுத்தியவர்களுட் பலர், குணமடைந்ததனாலேயே மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டனர். அது அவர் மனத்தை வருத்தியது.

அதிகாரிகளுக்காயினும் ஒரு கிறெய்க்லொக்ஹார்ட் இருந்தது. சாதாரணச் சிப்பாய்க்கு என்ன இருந்தது? ஹரி பார் என்பவரின் கதையைக் கேளுங்கள். வெஸ்ட் யோக்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1915 இல் செல் அதிர்ச்சிக்கு உள்ளாகி ஐந்து மாதங்கள் வைத்தியசாலையிற் கிடந்தார். கை நடுக்கம் காரணமாக, மனைவிக்கு அவர் சொல்லச் சொல்லத் தாதி ஒருவரே கடிதம் எழுதினார். பின்னர் மீண்டும் களத்துக்கு அனுப்பப்பட்டார். 1916 செப்டெம்பரிலே ஒரு நாள், தம்மால் முன்னரங்குக்குச் செல்ல இயலாது என்றார். முதலுதவி நிலையத்திலோ, உடலிற் காயமில்லை என்று சொல்லி அவரை ஏற்க மறுத்தனர். இராணுவ நீதிமன்றத்திலே அவருக்காக வாதாட ஒருவரும் இருக்கவில்லை. ஏறத்தாழ இருபது நிமிடங்களில் விசாரணை முடிந்தது. குற்றம், கோழைத்தனம். ஒக்டோபர் மாதத்து விடியற்காலையொன்றில் அவர் சுடப்பட்டார். வயது 25. கண்ணைக் கட்ட வந்தபோது அவர் அதனை மறுத்துவிட்டார் என்று உடனிருந்த மதகுரு பின்னர் தெரிவித்தார். கோழை என்று தீர்க்கப்பட்டவர் துப்பாக்கிகளைத் திறந்த கண்ணால் நோக்கி நின்றார்.

தண்டனை அவரோடு முடியவில்லை. சிறு மகளோடு நின்ற அவருடைய மனைவிக்கு ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. கணவன் எவ்வாறு இறந்தான் என்பதை அவர் வெட்கத்தால் மறைத்தே வாழ்ந்தார். மகளுக்கே உண்மை தெரிந்தது, அவர் நாற்பது வயதை எட்டிய பின்னர்தான். ஆணுக்கு இட்ட அவமானத்தின் பாரத்தை நீண்டகாலம் சுமந்தவர் பெண்கள் இருவர்.

இங்கே நேயர்களுள் ஒருவர், "வீரம் ஆணுக்கு இயல்பு என்பது உண்மைதானே, அதனைக் கேட்பதில் என்ன தவறு?" என்று வினவக்கூடும். இதற்கு விடை அதே எடின்பரோ நகரில் உண்டு. அந்நகரத்துப் பெண் வைத்தியர் எல்சி இங்கிலிஸ், 1914 இலே தம் சேவையைப் படைக்கு வழங்க முன்வந்தபோது, வீட்டுக்குப் போய் அமைதியாக இருக்குமாறு யுத்த அலுவலகம் அவருக்குப் பதிலளித்தது. அவரோ வீட்டுக்குப் போகவில்லை. பெண்களாலே நடத்தப்பெற்ற வைத்தியசாலைகளைப் பிரான்சிலும் சேர்பியாவிலும் நிறுவினார். பகைவர் கையிற் சிறைப்பட்டும் நோயாளரைக் கைவிடவில்லை. வீட்டிலிருக்க விரும்பிய ஆணைக் கோழை என்றும், களத்துக்குச் செல்ல விரும்பிய பெண்ணை வீட்டிலிரு என்றும் ஒரே சமூகம் ஒரே காலத்திற் கூறிற்று.

இரண்டாம் உலகப் போரிலே இவ்வுண்மை இன்னும் துலக்கமாயிற்று. 1941 இல் சோவியத் நாட்டிலே மரீனா ரஸ்கோவா என்னும் பெண் விமானி, பெண்களை மாத்திரமே கொண்ட விமானப் படைப்பிரிவுகளை அமைக்க அனுமதி பெற்றார். அவற்றுள் ஒன்று, மரச்சட்டமும் துணியும் கொண்டமைந்த பழைய பயிற்சி விமானங்களில், இரவுதோறும் ஜேர்மன் நிலைகளைத் தாக்கியது. போர் முடியுமுன் அப்பெண்கள் 23,000 இற்கு மேற்பட்ட தடவை பறந்து சென்று குண்டு வீசினர். அவர்களுக்கு முதலில் வழங்கப்பட்டவை ஆண்களின் சீருடைகளும் ஆண்களின் சப்பாத்துகளுமே. சப்பாத்தின் அளவு பொருந்தவில்லை. வீரத்தின் அளவு பொருந்திற்று. ஆயினும் போர் முடிந்த 1945 ஆம் ஆண்டிலேயே அப்படைப்பிரிவு கலைக்கப்பட்டது. கொலையிலே பெண் ஆணுக்கு இளைத்தவள் அல்லள் என்று பெருமை கொள்வதற்காக இதனை நான் கூறவில்லை. துணிவும் அச்சமும் மனிதருக்குப் பொது. அவற்றைப் பால்வகையாற் பங்கிடுதல் பொய் என்பதற்காகவே கூறுகின்றேன்.

இன்னுமொரு மறுப்பு உண்டு. நாணமும் தண்டனையும் இல்லையெனின் படை ஓடிவிடாதா என்பது அது. இதனையும் வரலாறே சோதித்துப் பார்த்தது. கோழைத்தனத்துக்கும் படையை விட்டோடுதலுக்கும் விதிக்கப்பட்ட மரண தண்டனையைப் பிரித்தானியப் பாராளுமன்றம் 1930 இல் நீக்கியது. 1942 இல், வட ஆபிரிக்காவிலே படை பின்வாங்கிய நெருக்கடி வேளையில், அங்கிருந்த தளபதி ஒக்கின்லெக் அத்தண்டனையை மீண்டும் கொண்டுவருமாறு கேட்டார். அரசாங்கம் இணங்கவில்லை. அத்தண்டனை இன்றியே அப்படை இரண்டாம் உலகப் போரை இறுதிவரை நடத்தி முடித்தது.

முதலாம் போரிலே பதுங்குகுழிகளில் வைத்தியராகப் பணியாற்றி, பின்னர் சேர்ச்சிலின் வைத்தியராகவும் விளங்கிய மோரன் பிரபு, 1945 இல் வீரத்தைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வீரம் என்பது வங்கியிலிட்ட முதல் போன்றது என்பது அவர் கருத்து. ஒவ்வொருவரிடமும் அது ஓரளவு உண்டு. செலவிடச் செலவிடக் குறையும். முற்றும் தீர்ந்தபின் எவராயினும் நிலைகுலைவர். அவ்வாறாயின், ஹரி பார் கோழையல்லர்; தம் முதல் முழுவதையும் நாட்டுக்குச் செலவிட்டுவிட்டவர். செல் அதிர்ச்சி என்று தொடங்கிய நோய், வியட்நாம் போரின் பின், 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் நோய்ப் பட்டியலிலே புதிய பெயருடன் இடம்பெற்றது. நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் என்று நாம் இன்று வழங்குவது அதுவே. அப்பெயரில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, கருப்பையும் இல்லை.

ஹரி பாரின் மகள் சோர்ந்துவிடவில்லை. தந்தையின் பெயரைத் துடைப்பதற்காக முதுமையிலே நீதிமன்றம் ஏறினார். 2006 ஆம் ஆண்டு ஆயுதப் படைகள் சட்டத்தின்படி, படையை விட்டோடல், கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக முதலாம் உலகப் போரிலே சுடப்பட்ட 306 பேருக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. அப்பொழுது அம்மகளுக்கு வயது 93. இங்கிலாந்தின் ஸ்டாபர்ட்ஷயர் மாவட்டத்திலுள்ள தேசிய நினைவு மரச்சோலையிலே, கண் கட்டப்பட்டு நிற்கும் ஓர் இளைஞனின் சிலையும், அதன் பின்னே சுடப்பட்டோரின் பெயர் தாங்கிய மரக்கம்பங்களும் நிற்கின்றன. பதினேழு வயதிலே சுடப்பட்ட ஒருவனை மாதிரியாகக் கொண்டு அச்சிலை செய்யப்பட்டது. பதினேழு வயதென்றால், நம் பாடசாலையில் உயர்தர வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவன்.

நேயர்களே, இனி நம் மொழிக்கு மீள்வோம். ஆண்மை என்ற சொல்லை ஆண் என்பதோடு மாத்திரம் சேர்த்து எண்ணப் பழகிவிட்டோம். ஆயின் தாளாண்மை, வேளாண்மை, இல்லாண்மை என்னும் சொற்களை நோக்குங்கள். அங்கெல்லாம் ஆண்மை என்பது ஆளும் தன்மை. ஒன்றைத் தன்வயப்படுத்திப் பொறுப்புடன் நடத்தும் தன்மை. அது இருபாலார்க்கும் உரியது. திருவள்ளுவர் பேராண்மை என்ற சொல்லைப் பிறன் மனைவியை இச்சித்து நோக்காத பண்புக்கும் சூட்டினார். புறத்தே உள்ள பகையை வெல்வதினும் அகத்தே உள்ள பகையை அடக்குதல் அரிது என்பது அதன் உட்கிடை. அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதிருத்தல் அறிவின்மை என்றும் அவரே கூறினார். அச்சத்தை அறிவோடு சேர்த்து எண்ணிய மரபு நம்முடையது. அச்சத்தை ஆளுதல் வேறு, அச்சமே இல்லையென நடித்தல் வேறு என்பதை அம்மரபு அறிந்திருந்தது.

நம் நாடும் 1983 முதல் 2009 வரை 26 ஆண்டுகள் போரைக் கண்டது. படையாக நின்றோரிலும், போராளிகளாக நின்றோரிலும், இடையிலே அகப்பட்ட பொதுமக்களிலும் ஆண்களும் பெண்களும் இருந்தனர். அவர்களுடைய உள்ளத்திலே அப்போர் விட்டுச்சென்ற வடுக்களைப் பற்றி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998 இலேயே ஒரு நூல் வெளியிட்டார். ஆயினும் நம் வீடுகளிலே, இரவில் திடுக்கிட்டு எழும் தந்தையரும், பட்டாசு வெடித்தால் அறைக்குள்ளே புகுந்துகொள்ளும் அண்ணன்மாரும், அதனைப் பற்றி ஒரு சொல்லும் பேசாது இன்றும் வாழ்கின்றனர். அவர்களுட் பலரைப் பேசவிடாது தடுப்பது நோயன்று. ஆண்பிள்ளை அழலாமா என்ற அந்தப் பழைய கேள்வியே.

நான் தொடக்கத்திற் குறிப்பிட்ட மாணவன் இன்று ஒரு குடும்பத்தின் தலைவன். சில ஆண்டுகளுக்கு முன் தன் மகனைச் சேர்ப்பதற்காக என் பாடசாலைக்கு வந்தான். அலுவல் முடிந்தபின், அன்று நான் சொன்னதை நினைவூட்டி, அது தவறு என்று அவனிடம் கூறினேன். அவன் நெடுநேரம் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தான். பின்னர், "சேர், அண்டைக்கு நீங்கள் அழு என்று சொல்லியிருந்தால் அழுது முடிச்சிருப்பன்" என்றான்.

பேராசிரியர்களும் வைத்தியர்களும் எழுதிய நூல்கள் பலவற்றை நான் வாசித்துள்ளேன். இந்த ஒரு வாக்கியத்தினும் தெளிவாக இவ்விடயத்தை எனக்கு விளக்கிய நூல் வேறில்லை. இன்று என் பாடசாலையிலே ஒரு மாணவன் அழுதால், அவனருகே இருந்து, அவன் பேசும்வரை காத்திருக்குமாறு ஆசிரியர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். இதற்குப் பயிற்சியோ பணமோ வேண்டியதில்லை. உங்கள் வீட்டிலும் இதனைச் செய்து பாருங்கள்.